வனத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள்

1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துத் தென்பகுதிப் பாலைநிலத்திலே பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரைச் சேர்ந்தவன். கவிதை எழுதும் பழக்கமுடையவன். சில காலமாகப் பாடங்களிற் பின்தங்கியும், போதைப்பொருளை நாடியும், தீய சகவாசத்திலே சிக்கியும் இருந்தமையால் அவனுடைய பெற்றார் அஞ்சினர். அவனைத் திருத்தித் தருவதாக விளம்பரஞ் செய்த நிறுவனம் ஒன்றுக்குப் பல்லாயிரம் டொலர் செலுத்தினர். மார்ச் முதலாந் திகதி விடியற்காலையிலே, முன்பின் அறியாத ஆட்கள் அவனுடைய படுக்கையறையிற் புகுந்து அவனை எழுப்பிக் கொண்டுசென்றனர். அறுபத்துமூன்று நாள் வனவாசம் என்பது ஏற்பாடு. முப்பத்தொராம் நாளில் அவன் பிணமானான்.

மரணகாரணம் இதுதான்: வயிற்றுள் இருந்த புண் துளைபட்டு, வயிற்றறையெங்கும் அழற்சி பரவியிருந்தது. சில வாரங்களுக்குள் உடல் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை அவன் இழந்திருந்தான். பல நாள் உணவின்றியும், உறைபனிக் குளிரிலே சில இரவுகள் உறக்கப்பையின்றியும் நடத்தப்பட்டான். வயிறு நோகின்றது என்று அவன் சொல்லாத நாளில்லை. சொன்னபோதெல்லாம் அவனை நடத்திச் சென்றவர்கள் கூறிய விடை ஒன்றே: நீ நடிக்கிறாய்.

இச்சிறுவனின் கதையை ஜோன் கிரக்கவர் என்னும் எழுத்தாளர் 1995ஆம் ஆண்டு ‘அவுட்சைட்’ என்னும் சஞ்சிகையிலே விரிவாக எழுதியதனால் உலகம் அறிந்தது. பையன் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தான். பசியும் குளிரும் தன்னை என்ன செய்தன என்பதை அதிலே அவன் எழுதினான். அவன் சொன்னதை நம்பாதவர்கள் அவன் எழுதியதைப் படித்திருப்பினும் நம்பியிருக்கமாட்டார்கள் என்றே எண்ணவேண்டியிருக்கிறது. ஏனெனில், பிள்ளை சொல்வதை நம்பாமலிருப்பது அங்கே கவனக்குறைவால் நேர்ந்த பிழையன்று. அது வைத்தியமுறையின் ஓர் அங்கமாகவே கற்பிக்கப்பட்டிருந்தது.

வனத்திலே வைத்துப் பிள்ளைகளைத் திருத்துதல் என்னும் இவ்வேற்பாடு அமெரிக்காவில் எங்ஙனந் தோன்றியது, எந்தச் சமூக நிலைமைகளால் வளர்ந்தது, அதனுள்ளே அவநம்பிக்கை எப்படிப் புகுந்தது என்பனவற்றை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே நமது முயற்சி. பாலைநிலத்தின் வெயிலிலும் பனியிலும் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆயின் அந்நிலத்திலே பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்திருக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

திறந்தவெளி மனநோயைத் தணிக்கும் என்னும் கருத்து தற்செயலாகப் பிறந்தது. 1901இல் நியூயோர்க் நகரின் மன்ஹற்றன் அரச மனநோய் மருத்துவமனையிலே சயரோகம் பிடித்த நோயாளரை ஏனையோரிடமிருந்து பிரித்துவைக்கும் பொருட்டுப் புல்வெளியிற் கூடாரங்கள் அடித்தனர். தொற்றைத் தடுப்பதே நோக்கம். ஆனால், கூடாரத்துக்குப் போனவர்களின் உடல்நிலை மாத்திரமன்றி மனநிலையுந் தேறிவருவதைக் கண்டு வைத்தியர்கள் வியந்தனர். நெரிசல் மிகுந்த மண்டபங்களிலிருந்து விடுபட்டுச் சிறு குழுவாகக் காற்றோட்டத்தில் இருந்தமையும், பணியாளர் அவர்களை அருகிருந்து கவனித்தமையும் இதற்குக் காரணமாகலாம். எவ்வாறாயினும், அன்று நோயாளரைத் தேற்றியது துன்பமன்று. துன்பத்தினின்றும் கிடைத்த சிறிது விடுதலையே. பின்வந்தோர் இவ்வேறுபாட்டை முற்றாகத் தலைகீழாக்கினர்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கேர்ட் ஹான் என்பார் வேறொரு வழியைத் திறந்தார். இவர் ஜெர்மனியிலே சாலெம் என்னும் இடத்திற் பாடசாலை நடத்திய யூதக் கல்விமான். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்தமையால் 1933இற் சிறைப்பட்டு, பின் விடுதலையாகிப் பிரித்தானியாவுக்குச் சென்று, 1934இல் ஸ்கொத்லாந்திற் கோர்டன்ஸ்டன் பாடசாலையை நிறுவியவர். அத்திலாந்திக் சமுத்திரத்திலே ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரித்தானியக் கப்பல்களை மூழ்கடித்த காலம் அது. உயிர்காப்புத் தோணிகளில் ஏறியவர்களுள் வலிமையுள்ள இளைஞர் மடிய, முதிய மாலுமிகள் பிழைத்து வந்தனர் என்று கூறப்பட்டது. உடல் வலிமையன்று, தன் ஆற்றலில் ஒருவன் வைக்கும் நம்பிக்கையே உயிர்காக்கும் என்று ஹான் முடிவுசெய்தார். கப்பற் கம்பனி முதலாளியான லோறன்ஸ் ஹோல்ற் என்பாரின் துணையோடு 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் ஒரு பயிற்சிப்பள்ளியைத் தொடங்கினார். ‘அவுட்வேட் பவுண்ட்’ என்பது அதன் பெயர். துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் வழக்கு அது. 1962இல் இம்முறை அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்கு வந்துசேர்ந்தது.

1968இல் யூற்றா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலே லறி டீன் ஒல்சன் என்னும் ஆசிரியர் இன்னொரு பரிசோதனையை நடத்தினார். பழங்குடி மக்களின் வாழ்க்கைத்திறன்களைத் தாமே முயன்று கற்றவர் அவர். கல் உடைத்து ஆயுதஞ் செய்யவும், கோல் கடைந்து தீ மூட்டவும், கிழங்கு தோண்டவும் வல்லவர். பரீட்சைகளிற் தோற்றுப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கவேண்டிய நிலையிலிருந்த மாணாக்கரை அவர் ஒரு மாதம் பாலைநிலத்தினூடே நடத்திச் சென்றார். திரும்பி வந்தவர்களிற் பலர் படிப்பிலே முன்னேறினர் எனப்பட்டது. ஈண்டு இரண்டு செய்திகளை வாசகர் மனத்திருத்தல் வேண்டும். அம்மாணாக்கர் தாமாக விரும்பிச் சென்றவர்கள். அவர்கள் பசித்தபோது ஆசிரியரும் பசித்தார்.

தாமாக விரும்பிச் சென்றவர்களுக்கான ஒரு கல்விமுறை, கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்கான தண்டனையாக மாறியது எவ்வாறு? விடை காண நாம் பாலைநிலத்தை விட்டுக் கலிபோர்ணியாக் கடற்கரைக்குச் செல்லவேண்டும்.

1958இல் சாந்தா மொனிக்கா நகரிலே, மதுப்பழக்கத்தினின்றும் மீண்டவரான சார்ள்ஸ் டெடரிச் என்பவர் ‘சினனொன்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். போதைப்பொருளுக்கு அடிமையானோரைக் குணப்படுத்துவது அதன் நோக்கம். அதன் நடுநாயகமான வழிமுறைக்கு ‘விளையாட்டு’ என்று பெயர். வட்டமாக அமர்ந்து, ஒருவரைக் குறிவைத்து, மற்றையோர் யாவரும் அவரை மணிக்கணக்காக ஏசுவதும், அவமதிப்பதும், அவர் சொல்வதனைத்தையும் பொய்யென்று இடித்துரைப்பதுமே அவ்விளையாட்டு. அடிமைப்பட்டவன் தன்னையும் பிறரையும் ஏமாற்றுபவன், அவனுடைய பழைய ‘தான்’ உடைபட்டாலன்றிப் புதியவன் பிறக்கமாட்டான் என்பது அவர்களின் கோட்பாடு. பத்திரிகைகள் இதனைப் புகழ்ந்தன. நீதிமன்றங்கள் ஆட்களை அனுப்பின. நாளடைவில் அவ்வமைப்பு மதமாகத் தன்னைப் பிரகடனஞ் செய்தது. 1978இல் அதனை எதிர்த்து வழக்காடிய சட்டத்தரணி ஒருவரின் தபாற்பெட்டியுள் விஷப்பாம்பை இட்டுக் கொல்ல முயலும் அளவுக்கு அதன் சீரழிவு சென்றது. தலைவர் தண்டனை பெற்றார், அமைப்புச் சிதைந்தது. எனினும் அதன் வழிமுறை சிதையவில்லை. 1967இலேயே அதன் தொடர்புடைய ஒருவர் இம்முறையைத் தழுவிக் கலிபோர்ணியாவில் ‘சீடு’ என்னும் இளைஞர் பாடசாலையை நிறுவியிருந்தார். அதிலிருந்து பிரிந்தவர்கள் மேற்கு மாநிலங்களெங்கும் புதிய நிறுவனங்களைத் தொடங்கினர்.

இதே காலத்திற் புளோரிடாவிலே ‘சீட்’ (விதை என்பது பொருள்) என்னும் மற்றொரு நிறுவனம் 1970 முதல் இத்தகைய முறையைச் சிறுவர்மீது பிரயோகித்தது. மத்திய அரசாங்கமே அதற்குப் பணம் வழங்கியது. 1974இல் செனற் சபையின் உபகுழு ஒன்று, செனற்றர் சாம் ஏர்வினின் தலைமையில், நடத்தைமாற்றம் பற்றி வெளியிட்ட அறிக்கையிலே, அங்கு நடப்பது கொரியப் போரில் அமெரிக்கக் கைதிகளுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட மூளைச்சலவையை ஒத்தது என்று கண்டித்தது. பகைவர் தம் படைவீரருக்குச் செய்தபோது கொடுமையெனப்பட்ட ஒன்று, தம் பிள்ளைகளுக்குச் செய்யப்பட்டபோது சிகிச்சையெனப்பட்டது! இவ்வறிக்கை வெளிவந்தும் அவ்வழிமுறை அழிந்தொழியவில்லை. இலாபமுள்ள பண்டத்தை அறிக்கைகள் சந்தையிலிருந்து அகற்றுவது அரிது.

சந்தை உருவான விதத்தையும் சிறிது நோக்கவேண்டும். 1974இல் இயற்றப்பட்ட இளங்குற்றவாளிகள் சட்டம், வீட்டைவிட்டு ஓடுதல், பாடசாலைக்குச் செல்லாமை முதலிய குற்றங்களுக்காகப் பிள்ளைகளைச் சிறையிலடைப்பதைத் தடுக்க முற்பட்டது. நல்ல சட்டமே. ஆனால், சிறைக்குப் பதிலாக ஊர்தோறும் அமையவேண்டிய ஆலோசனை நிலையங்களையும் சிகிச்சை வசதிகளையும் அரசாங்கம் போதியளவு ஏற்படுத்தவில்லை. 1980களிலே போதைப்பொருட்கெதிரான ‘போர்’ முழங்கியது. தொலைக்காட்சி ஒவ்வொரு வீட்டிலும் அச்சத்தை விதைத்தது. பின்னர், காப்புறுதிக் கம்பனிகள் மனநோய் மருத்துவமனைகளிற் பிள்ளைகளை நெடுங்காலம் வைத்திருப்பதற்குப் பணங்கொடுக்க மறுக்கத் தொடங்கின. கவலைகொண்ட பெற்றார் ஒருபுறம். பொதுச் சேவையின் வெறுமை மறுபுறம். இடையிலே வணிகன் வந்து நின்றான். வனத்துக்கு வாடகையில்லை, கட்டிடம் வேண்டியதில்லை, சமையற்கூடம் வேண்டியதில்லை, பட்டம் பெற்ற உளவியலாளரும் அன்று வேண்டப்படவில்லை. சிறு சம்பளத்துக்கு இருபது வயது இளைஞர் சிலரை அமர்த்தினாற் போதும். பசியையும் தாகத்தையும் ‘சிகிச்சை’ என்று பெயரிட்டபின் உணவுச் செலவுங் குறைந்தது.

ஒல்சன் காட்டிய பாலைநில நடையும், சினனொன் வளர்த்த அவநம்பிக்கையும் இவ்வணிகத்தில் ஒன்றுகலந்தன. முன்னாள் விமானப்படையினரான ஸ்ரீவ் கார்ட்டிசானோ என்பவர் 1988இல் யூற்றாவிலே ‘சலஞ்சர்’ நிறுவனத்தைத் தொடங்கி, அறுபத்துமூன்று நாள் நடையை நாடெங்கும் பிரசித்தமாக்கினார். தொலைக்காட்சிகளில் தோன்றினார், பணம் குவிந்தது. 1990 ஜூன் 27ஆந் திகதி அவரது நிறுவனத்தில் புளோரிடாவிலிருந்து வந்த பதினாறு வயதுச் சிறுமி கைபரோவிற்ஸ் மேட்டுநிலத்தில் வெப்பத்தாக்கினால் விழுந்து இறந்தாள். வழக்கு நடந்தது, 1992இல் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். யூற்றாவில் தொழில் நடத்த இயலாது போனபின்னும் அவர் வேறிடங்களில், வேறு பெயர்களில், அதே தொழிலைத் தொடர்ந்தார்.

அச்சிறுமி இறப்பதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னரே, மே மாதத்தில், யூற்றாவும் அரிசோனாவும் சந்திக்கும் எல்லைப்புறத்தில் வேறொரு நிறுவனத்தின் நடையிலே கலிபோர்ணியாவைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுமி உடலின் நீர் வற்றி இறந்திருந்தாள். கண் மங்குகிறது என்றாள், தடுமாறி விழுந்தாள், குடித்த நீரையும் வாந்தியெடுத்தாள். இவை நீர்வறட்சியின் குறிகள் என்பதைத் தாதியர் பயிற்சியின் முதல் வாரத்திலிருப்பவரும் அறிவர். வழிகாட்டிகள் அவள் தப்பிக்கொள்ள வேடம் போடுகிறாள் என்று கருதினர். இறந்தபின் பதினெட்டு மணி நேரம் அவளுடைய உடல் பாதையிலே கிடந்தது.

மூன்று மரணங்களும் வெவ்வேறு காரணங்களால் நேர்ந்தவை: ஒன்று வெப்பம், ஒன்று தாகம், ஒன்று வயிற்றுப்புண். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. உடல் தரும் அறிகுறி முதலிற் பிள்ளையின் வாய்ச்சொல்லாகவே வெளிவருகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்பவற்றை வெளியிலிருந்து காணவியலாது, சொல்லித்தான் அறியவேண்டும். அச்சொல்லுக்கு மதிப்பில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட இடத்தில், உடல் விழுந்தபின்னரே நோய் நம்பப்படும். வெப்பத்தாக்கிலும் வயிற்றறை அழற்சியிலும் விழுந்தபின் மிகச் சிறிது நேரமே மிஞ்சும். அன்றியும், மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடல் தன்னைக் குளிர்விக்கும் ஆற்றலைக் கெடுப்பன. இம்மருந்துகளை உட்கொள்ளும் பிள்ளைகளே இத்தகைய நடைகளுக்குப் பெரிதும் அனுப்பப்படுவதால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

ஆகவே, உடற்சுகம் வேறு, மனப்பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் பேசுவோர் இவ்வரலாற்றைச் சரியாகப் படிக்காதவர்கள் என்பேன். தான் சொல்வது கேட்கப்படும் என்னும் உறுதியே மனப்பாதுகாப்பின் அடிப்படை. அஃதில்லாதபோது உடலுக்கும் காவலில்லை.

பட்டினியும் மரணமும் நேராத இடங்களிலும் மனம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை, அங்கிருந்து மீண்டவர்கள் பிற்காலத்திற் சொல்லியிருக்கிறார்கள். நள்ளிரவில் ஆட்கள் வந்து அழைத்துச் செல்வது பல நிறுவனங்களுக்குப் பொதுவான ஏற்பாடு. பெற்றார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பர். இரவிற் சப்பாத்துக்களைப் பறித்துவைப்பர், ஓடிப்போகாதிருக்க. சிலரைப் படங்கினாற் சுற்றி, அதன் ஓரங்களில் வழிகாட்டிகள் படுத்துக்கொள்வர். இன்று எத்தனையாந் திகதி, இப்போது மணி என்ன, நாளை எங்கே போகிறோம், வீடு திரும்புவது எப்போது என்னுங் கேள்விகளுக்கு விடையில்லை. கைதிக்கேனுந் தண்டனை முடியும் நாள் தெரியும். பெற்றாருக்கு எழுதும் கடிதங்கள் முதலிற் பணியாளர் கண்ணிற் படும். துன்பத்தைச் சொல்லும் கடிதம் வந்தால் அது தம்மை வசப்படுத்தும் தந்திரம், நம்பாதீர்கள் என்று பெற்றார் முன்னரே எச்சரிக்கப்பட்டிருப்பர். பிள்ளைக்குச் சொல்ல வேறு யாருமில்லை. அப்பிள்ளைகளிற் பலர் வளர்ந்தபின்னும் நள்ளிரவிற் கதவு தட்டப்படும் ஓசைக்குத் திடுக்கிட்டெழுவதாகக் கூறுகின்றனர்.

இங்கே ஒரு சொந்த அனுபவத்தைக் குறிப்பிடாமற் செல்ல மனம் இடந்தரவில்லை. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன், மாதப் பரீட்சையன்று காலையிலே தலையிடிக்கிறது என்று வந்து நின்றான். முந்திய பரீட்சையன்றும் அவ்வாறே சொன்னவன். ‘உன் தலையிடி பரீட்சைக்குப் பரீட்சை வருவதோ?’ என்று வகுப்பெல்லாம் சிரிக்கக் கேட்டு இருத்திவிட்டேன். பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனது கடுங்காய்ச்சலோடு. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், பிழைத்துக்கொண்டான். அவன் தாயார் என்னிடம் ஒரு குறையுஞ் சொல்லவில்லை. ‘சேர் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்’ என்றார். யூற்றாப் பாலைநிலத்தின் வழிகாட்டிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அச்சொல் என் காதில் ஒலிக்கிறது. அவர்களிற் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர். பிள்ளைகளை மீட்கிறோம் என்று நம்பியவர்களே. பெற்றாரும் அங்ஙனமே.

நியாயத்துக்காக மறுபுறத்தையும் சொல்லவேண்டும். வனவாசம் தம்மைக் காப்பாற்றியது என்று கூறும் இளைஞரும் உளர். அவர்கள் பொய் சொல்கின்றனர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து சில நிறுவனங்கள் ஒரு சங்கமாகக் கூடி, தகுதிபெற்ற உளவியலாளரை அமர்த்தி, விதிமுறைகளை வகுத்துக்கொண்டன. நற்பயன் விளைவதாக ஆய்வுகளும் வெளிவந்தன. அவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை வனத்துக்குச் செல்லுமுன்னும் வந்தபின்னும் பிள்ளைகளிடம் வினாக்கொத்துக் கொடுத்து நிரப்புவித்தவை; வனத்துக்குச் செல்லாத ஒத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டவை மிகச் சில. தேறிவிட்டேன் என்று எழுதினால் வீடு செல்லலாம் என்றிருக்கும் பிள்ளை வேறு என்ன எழுதும்?

வர்க்கவேற்றுமையும் இதிலே தெளிவாகத் தெரிகிறது. பல்லாயிரம் டொலர் கொடுக்கக்கூடிய நடுத்தர, மேற்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் வனத்துக்குப் போயினர். ஏழைகளினதும் கறுப்பினத்தவரினதும் பிள்ளைகளுக்கு நீதிமன்றம் வழியாகக் கிடைத்தது படைமுகாம் பாணியிலான தண்டனைமுகாம். 1983இல் வளர்ந்தோருக்காக ஜோர்ஜியாவிலும் ஒக்லஹோமாவிலும் தொடங்கிய அம்முறை பின்னர் சிறுவருக்கும் வந்தது. 2006 ஜனவரியிலே புளோரிடாவில் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் முகாமுக்கு வந்த முதல்நாளே ஓடமுடியாமல் நின்றான். காவலர்கள் அவனை நடிப்பதாகக் கருதி அடக்கி, அமோனியாக் குப்பிகளை மூக்கிற் பிடித்தனர், மறுநாள் இறந்தான். அக்காட்சி ஒளிப்பதிவாகியிருந்தது. அரசு அம்முகாம்களை மூடிற்று. காவலரை ஜூரிகள் விடுவித்தனர். பணக்காரப் பிள்ளைக்குச் சிகிச்சை என்றும் ஏழைப் பிள்ளைக்குத் தண்டனை என்றும் பெயர் வேறாயினும், ‘நடிக்கிறான்’ என்ற தீர்ப்பு ஒன்றாகவே இருந்தது.

இன்னொரு முரண்பாடு இதனினும் ஆழமானது. 1879இல் பென்சில்வேனியாவிற் கார்லைல் என்னுமிடத்தில், பழங்குடிப் பிள்ளைகளை அவர்தம் நிலத்தினின்றும் பெற்றாரினின்றும் பிரித்து ‘நாகரிகப்படுத்தும்’ விடுதிப்பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அதனைப் பின்பற்றி நூற்றுக்கணக்கானவை எழுந்தன. பிள்ளைகளின் தலைமயிர் வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. வனத்தை அவர்களிடமிருந்து அகற்றுவதே அங்கு மருந்து. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அதே நாட்டிலே, வெள்ளையர் பிள்ளைகளைப் பெற்றாரினின்றும் பிரித்து வனத்துள் விடுவது மருந்தாயிற்று. பழங்குடியினரின் சடங்குப் பெயர்களை நிறுவனங்கள் தமக்குச் சூட்டிக்கொண்டன. பிள்ளைகளுக்கு மரத்தின் பெயரும் விலங்கின் பெயரும் இட்டன. ஒல்சன் கற்பித்த தீக்கடையும் கலையே அம்மக்களுடையது. ஆயின் அம்மக்களிடம் அக்கலையைப் பிள்ளைக்குக் கற்பித்தவர்கள் பாட்டனும் பாட்டியும். கற்பித்த இடம் வீடு. மருந்துகள் எதிரெதிரானவை, பிள்ளையை அதன் மக்களிடமிருந்து பறித்தெடுத்தலே முதற்படி என்பதில் இரண்டும் ஒன்றுபட்டன.

சட்டத்தின் கதை நீண்டதும் சலிப்பூட்டுவதுமாகும். 1979இலே உச்ச நீதிமன்றம், பெற்றார் தம் பிள்ளையை மனநோய் மருத்துவமனையிற் சேர்ப்பதற்கு நீதிமன்ற விசாரணை தேவையில்லை, நடுநிலையான வைத்தியர் ஒருவரின் பரிசீலனையே போதும் என்று தீர்ப்பளித்தது. வனத்துக்கு அனுப்புவதற்கு அந்த வைத்தியருங்கூட வேண்டியிருக்கவில்லை. 1990 மரணங்களின்பின் யூற்றா மாநிலம் விதிகளை இயற்றியது. நாளொன்றுக்குக் குறைந்தது 1800 கலோரி உணவு தரவேண்டும். குழுவிலே மிகவும் பலங்குன்றியவரின் ஆற்றலுக்கு மேற்பட்டு நடை அமையலாகாது என அவ்விதிகள் கூறின. அழகான விதி அது. 1994இல் இறந்த பையன் இவ்விதிகள் பிறந்த மாநிலத்திலேயே பட்டினிகிடந்தான். அவ்வழக்கிலே பணியாளர் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒருவரை ஜூரிகள் குற்றவாளியெனக் கண்டனர்.

2007 ஒக்டோபரிலே காங்கிரசின் பொறுப்புக்கூறல் அலுவலகம், 1990க்கும் 2004க்கும் இடையில் நிகழ்ந்த பத்து மரணங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 2005ஆம் ஆண்டில் மாத்திரம் 33 மாநிலங்களில் 1,619 பணியாளர் சிறுவர் துன்புறுத்தற் சம்பவங்களிற் சம்பந்தப்பட்டிருந்தனர் என்று அது காட்டியது. அன்று சபையிற் சாட்சியமளித்தவர்கள் இறந்த பிள்ளைகளின் பெற்றார். 1994இல் இறந்தவனின் தந்தையும் அவர்களுள் ஒருவர். 2008இலும் 2009இலும் பிரதிநிதிகள் சபை கட்டுப்பாட்டு மசோதாவை நிறைவேற்றியது. இருமுறையும் செனற் சபையில் அது அப்படியே கிடந்து காலாவதியாயிற்று.

2021இல் யூற்றா மற்றொரு சட்டம் இயற்றியது. அதன்படி ஆண்டுக்கு நான்கு முறை பரிசோதகர் இந்நிலையங்களுக்குச் செல்லவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பிள்ளை தன் குடும்பத்தோடு, வேறெவரும் கேளாத வகையில், பேச அனுமதிக்கப்படல் வேண்டும். தன் தாயோடு தனியாகப் பேசும் உரிமை பிள்ளைக்குச் சட்டத்திற் கிடைக்க, ஒல்சனின் முதல் நடையிலிருந்து ஐம்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன.

2024 பெப்ரவரி 2ஆந் திகதி வட கரோலினா மாநிலத்து வனமுகாம் ஒன்றுக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று கொண்டுவரப்பட்டது. இரவிலே ஒடுக்கமான உறக்க உறையினுள் வைத்து, பிள்ளை வெளியே வந்தால் ஒலிக்கும் கருவியும் பொருத்தினர். மறுநாட் காலையில் பிள்ளை உயிருடன் இல்லை. மூச்சுத்திணறலே மரணகாரணம், இது பிறரால் விளைந்த மரணம் என்று மருத்துவப் பரிசோதகர் முடிவுசெய்தார். மாநிலம் அந்நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தை நீக்கியது. அண்மைக் காலத்தில் இத்தகைய முகாம்கள் பல தாமாகவே மூடப்பட்டுவருகின்றன; கேள்வி கேட்கும் பெற்றார் பெருகிவிட்டனர் போலும்.

அவ்வாண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி ஜனாதிபதி பைடன் அரிசோனா மாநிலத்திலே பழங்குடியினர் முன் நின்று, விடுதிப்பள்ளிகளின் கொடுமைக்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இரண்டு மாதங்களுக்குள், டிசம்பரில், நிறுவனங்களிலே சிறுவர் துன்புறுத்தப்படுவதைத் தடுப்பதற்கான சட்டத்திற் கையொப்பமிட்டார். அச்சட்டம் எதனையுந் தடைசெய்யவில்லை. நாடளாவிய ஆய்வு ஒன்றைப் பத்தாண்டுகள் நடத்துமாறே பணிக்கிறது. அதற்காகக் காங்கிரஸ் மண்டபங்களிற் காத்துநின்றவர்களுள் 2007இற் போல இறந்தவர்களின் பெற்றார் மாத்திரமல்லர். பதினைந்து வயதில் நடிக்கிறாய் என்று சொல்லப்பட்டு, நாற்பது வயதிலே அதே கதையை மறுபடி சொல்ல வந்தவர்களும் இருந்தனர். இம்முறை அவர்களுடைய சொற்களைச் சுருக்கெழுத்தாளர் குறித்துக்கொண்டனர்.